பிரெட் மாவு பிசைய ஸ்டாண்ட் மிக்ஸர்... வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

கேக் மாவு அடிக்கிற மெஷின் பிரெட் மாவையும் பிசைஞ்சிடும் என்று நம்பி ஸ்டாண்ட் மிக்ஸர் ஆர்டர் போடப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் இருங்க.

கேக் மாவு தளர்வானது. எந்த மெஷினும் சுலபமாகச் சுற்றிவிடும். பிரெட் மாவில் பிசையப் பிசைய குளூட்டன் வலை உருவாகி, இழுவை கூடிக்கொண்டே போகும். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அதுவும் குளூட்டன் வேலைதான். அந்த இழுவை மொத்தமும் மோட்டார், கியர் தலையில்தான் விழும்.

சொல்லப்போனால், இந்த மெஷின் பிறந்ததே பிரெட் மாவுக்காகத்தான். ஒரு பேக்கரிக்காரர் மாவு கிண்டிச் சிரமப்படுவதை 1908-ல் பார்த்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க இன்ஜினீயருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1919-ல் அது 'கிச்சன்எய்ட்' என்ற பெயரில் வீட்டுக்குள் வந்தது.

சரி, எதையெல்லாம் பார்த்து வாங்கணும்?

வாட்ஸ் மயக்கம் வேண்டாம்

பெட்டியில் 1,200, 1,500 என்று பெரிதாகப் போட்டிருப்பது, மெஷின் எவ்வளவு கரன்ட் இழுக்கும் என்ற கணக்கு. மாவைப் பிசையும் கொக்கிக்குப் போய்ச் சேரும் பலம் வேறு. கிச்சன்எய்டின் சில மாடல்கள் 300 வாட்ஸ்தான். ஆனாலும் பிரெட் மாவு பிசையும். குறைந்த வேகத்தில் திணறாமல் சுற்றுகிறதா, கியர் உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள்.

பௌல் அளவு வேறு, மாவு அளவு வேறு

5 லிட்டர் பௌல் என்றால் அது நிறைய மாவு போடலாம் என்று அர்த்தமில்லை. 500 கிராம் மைதாவும் 325 மில்லி தண்ணீரும் சேர்த்தாலே 800 கிராமுக்கு மேல் மாவு வந்துவிடும். மேனுவலில் பிரெட் மாவுக்கான உச்ச அளவைத் தேடிப் படியுங்கள். கெட்டி மாவு என்றால் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் கொஞ்சமாகப் போட்டாலும் சிக்கல்: கொக்கி மாவைப் பிடிக்காமல் சும்மா சுற்றும்.

அடியில் இருக்கும் ஸ்டிக்கர்

மெஷினின் அடியிலோ பின்னாலோ உள்ள ஸ்டிக்கரில் 'கேபி 5 மினிட்' என்பதுபோல ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். தொடர்ந்து 5 நிமிடம்தான் ஓட்டலாம், அப்புறம் ஓய்வு கொடுக்கணும் என்று பொருள். பிரெட் மாவுக்கோ 8 முதல் 10 நிமிடம் தேவைப்படும்.

இதற்கு எளிய வழி உண்டு. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து 20 நிமிடம் மூடிவையுங்கள். குளூட்டன் தானாகவே உருவாக ஆரம்பிக்கும். பிறகு ஈஸ்ட், உப்பு சேர்த்துப் பிசைந்தால் மெஷினுக்கு வேலை குறையும்.

கொக்கியும் எடையும்

'சி' வடிவக் கொக்கியில் மாவு மேலே ஏறிச் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தித் தள்ளிவிடணும். ஸ்பைரல் கொக்கி மாவைக் கீழே அழுத்திப் பிசையும். எடை குறைந்த மெஷின் கெட்டி மாவுக்கு ஆட்டம் போட்டு மேடையின் விளிம்புக்கே நகர்ந்துவிடும். மாவு பிசையும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

நம்ம ஊர் கணக்கு

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கிவந்தால் மலிவு என்று நினைக்கிறீர்களா? அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மோட்டார் காலி. பொருத்தமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இங்கே சர்வீஸ் கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான்.

மெஷின் பிசையும்போது உராய்வில் மாவு சூடாகும். சென்னை வெயிலில் அது ஈஸ்ட்டை அவசரப்படுத்திவிடும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் சேருங்கள். பிசைந்து முடித்த மாவு 24 முதல் 26 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது.

வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்து விற்பவர்கள் வாரன்ட்டி கார்டை முழுசாப் படியுங்கள். வீட்டு உபயோக மெஷின்களில் வணிகப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் வாரன்ட்டி கிடையாது. கடனில் வாங்கிய மெஷின் சீக்கிரமே மக்கர் பண்ணினால், ரிப்பேர் செலவும் தவணையும் சேர்ந்து நிற்கும்.

உங்களுக்குத் தேவையா?

மாசத்துக்கு ஒரு பிரெட் என்றால் கையே போதும். வீட்டில் டேபிள் டாப் கிரைண்டர் இருந்தால், அதோடு வந்த மாவு பிசையும் பிளேடு பரண்மேல் தூங்குகிறதா என்று முதலில் தேடுங்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடுகிறீர்கள், மணிக்கட்டு வலிக்கிறது, ஆர்டர் வருகிறது என்றால் தாராளமாக வாங்கலாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் கடைசி சோதனை ஒன்றுதான். எலுமிச்சை அளவு மாவை எடுத்து விரல்களால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்தால் மாவு ரெடி. கடிகாரம் என்ன சொன்னாலும் சரி, அப்போது மெஷினை நிறுத்திவிடுங்கள்.