எப்ப போட்டாலும் என்கேஜ்டு

2006 கோடையில் அம்பத்தூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பருத்திப்பட்டில் அப்பா கட்டிய வீட்டுக்குக் குடிபோனோம். இன்றைக்கு நடைபாதையும் பூங்காவுமாக இருக்கும் அந்த ஏரி அப்போது சாக்கடை கலந்து கிடந்தது. எங்கள் தெருவில் பாதி மனைகளில் முள்ளுச்செடி, மீதியில் பூசாத சுவர்கள். போன் ஒரே வாரத்தில் ஷிப்ட் ஆகி வந்துவிட்டது. பிராட்பேண்ட் வரவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் கம்பியின் நீளம் அதிகம், நடுவில் புதிதாக ஒரு பெட்டி வைத்த பிறகுதான் தர முடியும் என்றார்கள். "ரெண்டே மாசம் தம்பி" என்றார் லைன்மேன்.

அந்த ரெண்டு மாசம் பதினோரு மாசமாக நீண்டது. நான் அப்போது பிளஸ் டூ. அம்பத்தூரில் கேபிள் டிவிக்காரர் கொடுத்த இன்டர்நெட்டில் இரண்டு வருடம் ஊறியவன், கம்ப்யூட்டருக்குள் தூசி படிந்து கிடந்த மோடம் கார்டில் போன் வயரைச் செருகினேன். தற்காலிகம்தானே என்று அப்பாவிடம் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

இந்தியாவில் டயல்-அப் என்பது அதற்கு ஒரு தலைமுறை முந்தைய கதை. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டம்தான் சென்னை ஐஐடி உள்ளிட்ட சில நிறுவனங்களை முதலில் இணைத்தது. அது ஆராய்ச்சியாளர்களுக்கானது. வெளியில் இருந்தவர்களுக்குக் கதவு திறந்தது 1995 ஆகஸ்ட் 15. அன்று விதேஷ் சஞ்சார் நிகாம், சுருக்கமாக வி.எஸ்.என்.எல்., சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொது இணையச் சேவையைத் தொடங்கியது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். வணிக நிறுவனங்களுக்கு 250 மணி நேரத்துக்கு 25,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் அக்கவுன்ட் என்று ஒன்று இருந்தது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும். படம் கிடையாது. 500 ரூபாய்க்குப் படம் எதுக்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

1998 நவம்பரில் தனியாருக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்ததும் முதலில் களமிறங்கியது சென்னையிலிருந்த சத்யம் இன்ஃபோவே. அடுத்த வருடமே நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் இந்திய இணைய நிறுவனம் என்ற பெயரும் அதற்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த கொஞ்ச காலம், பெரிய பெரிய அட்டைப்பெட்டிக்குள் ஒரே ஒரு சி.டி.யும் பாஸ்வேர்டு சீட்டும் வைத்து மணிக்கணக்கில் இன்டர்நெட் விற்ற காலம். 2004 அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டையே அகலப்பாட்டை என்று வரையறுத்தது. ஆக, 2006இல் நான் டயல்-அப்புக்குத் திரும்பியது, எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறியது மாதிரி.

அந்தச் சத்தம் உங்களில் பாதிப் பேருக்கு யூடியூப் வீடியோவாகத்தான் தெரிந்திருக்கும். அது வெறும் இரைச்சல் இல்லை, இரண்டு இயந்திரங்களின் பேரம். எதிர்முனை மோடம் போனை எடுத்ததும் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ஓசை கொடுக்கும். வழியில் இருக்கும் எதிரொலி நீக்கிகளே, கொஞ்சம் சும்மா இருங்கள் என்பது அதன் பொருள். அப்புறம் இரண்டும் மாறி மாறிக் கத்தி, லைன் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து ஒரு வேகத்தில் உடன்படும். மனிதக் குரலுக்காக 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை ஒதுக்கிய சந்து அது. அதற்குள் கம்ப்யூட்டரை நுழைக்க வேண்டும். 56 கே என்று அட்டையில் போட்டிருக்கும், எங்கள் வீட்டில் நல்ல நாளில் 40 கிடைக்கும். மழை பெய்தால் 28. ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இரவில் சத்தம் கேட்டு அப்பா எழுந்துவிடாமல் இருக்க, மோடம் செட்டிங்கில் ஏடிஎம்0 என்ற கட்டளையைச் சேர்த்துவிட்டேன். ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். நான் எழுதிய முதல் உருப்படியான 'கோட்' அதுதான்.

40 கிலோபிட்டில் ஒரு எம்.பி. இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம். வெளியே மீட்டர் ஓடும்.

என்ஜினியரிங் படித்த பிறகுதான் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டதல்ல. ஆளுக்குச் சில நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கும் கட்டடம். கல்யாணச் சத்திரத்தில் நூறு இலை போட்டு ஐந்நூறு பேருக்குப் பந்தி நடத்துகிற மாதிரி. என்னைப் போன்றவன் உட்கார்ந்தால் ரெண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டான். இந்தச் சிக்கலுக்குச் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 1990களிலேயே ஒரு விடை வைத்திருந்தது. கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். பேச்சையும் டேட்டாவையும் ஒரே சமயத்தில் கொண்டுபோகும். இணைய டேட்டாவை எக்ஸ்சேஞ்சுக்குள் விடாமல் முன்னாலேயே பிரித்து அனுப்பிவிடும். பேசிக்கொண்டே இருந்தால் 35 கிலோபிட், பேசாவிட்டால் 70. மதுரை மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அதை வைத்து இணைய மையங்கள் நடத்தினார்கள். கிண்டியிலிருந்து மேலூருக்குப் போனது பருத்திப்பட்டுக்கு வரவில்லை.

வந்திருந்தால் என் அக்கா கதை மாறியிருக்கும். அந்த ஆவணி மாதம் அவளுக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன். ஜாதகம் பொருந்திவிட்டது, "பார்த்துட்டு போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்து நாளாகியும் போன் வரவில்லை. அப்பா கௌரவம் பார்த்துக்கொண்டு தானாகக் கூப்பிடவில்லை. கடைசியில் தரகர் நேரில் வந்து சொன்னார். "அவங்க மூணு நாள் ராத்திரி டிரை பண்ணியிருக்காங்க சார். எப்ப போட்டாலும் என்கேஜ்டு. வேணும்னே ரிசீவரை எடுத்து வெச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க. வேற இடம் பேசி முடிச்சுட்டாங்க."

அப்பா என்னைத் திட்டவில்லை. போன் வயரைப் பிடுங்கி மோடத்துக்குப் பதிலாக டெலிபோனில் செருகிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார். ஒரு மாதம் நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அக்காதான் ஒரு நாள் அப்பாவுக்குத் தெரியாமல் வயரை மாற்றிக் கொடுத்தாள். "அந்த ஆளு என்னைய ஒரு வார்த்தை கேக்காம எங்கம்மாகிட்ட, வேலையை விட்டுடுவாளான்னு கேட்டான்டா. உன் மோடத்துக்குத்தான் கோயில் கட்டணும்." அவள் அதை எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் கஞ்சனாகிவிட்டேன். பத்து நிமிடம் கனெக்ட் செய்வது, பக்கங்களைச் சேமிப்பது, துண்டிப்பது, பிறகு ஆற அமரப் படிப்பது. பாட்டும் படமும் கட்டுப்படியாகாது, எழுத்துதான் மலிவு. மதுரைத் திட்டத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது அது. உலகம் முழுக்கத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றினார்கள். முதல் நூல் திருக்குறள். திஸ்கி குறியேற்றத்தில் ஒரு குறியீட்டுக்கு ஒரு பைட்தான், அதனால் ஒரு சின்ன நூல் நூறு கே.பி.க்குள் அடங்கிவிடும். இருபது நொடி. ஒரு காலுக்குள் ஏழெட்டு நூல் எடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக இறக்கி நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழ் இலக்கியத்தை நான் கிலோபைட் கணக்குப் பார்த்துத்தான் படிக்க ஆரம்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பெரிய நூல்களைத் தள்ளிப்போட்டதும் அதே கணக்கில்தான். கம்பராமாயணம் பிராட்பேண்ட் வந்த பிறகு.

தற்காலிகமாக டயல்-அப்புக்குத் திரும்பியவன் நான் மட்டுமில்லை என்று பின்னால் தெரிந்தது. 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு நாட்டின் இணையத்தை அணைத்தபோது, பிரான்சின் எஃப்.டி.என். என்ற சிறு நிறுவனம் தன் பழைய மோடம் எண்ணை எகிப்தியர்களுக்காக இலவசமாகத் திறந்துவிட்டது. போன் லைன் உயிரோடு இருந்தால் கெய்ரோவிலிருந்து பாரிஸுக்கு டயல் செய்து இணையத்துக்குள் வந்துவிடலாம். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். தன் டயல்-அப் சேவையை நிறுத்தியது 2025 செப்டம்பர் 30 அன்றுதான். இதைப் படித்தபோது என் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன், "இன்னும் இருந்துச்சா?" என்றான்.

எங்கள் தெருவுக்குப் பெட்டி 2007 ஏப்ரலில் வந்தது. அதே செம்புக் கம்பிதான். பேச்சு கீழே நான்கு கிலோஹெர்ட்ஸுக்குள், டேட்டா அதற்கு மேலே. நடுவில் பிரிக்க ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர். லைன்மேன் மாட்டிவிட்டுப் போனதும் அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். டயல் டோன் வந்தது. "நெட் ஓடுதா?" என்றார். ஓடுது என்றேன். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். "இப்ப?" ஓடுதுப்பா. மூன்றாவது தடவை எடுத்தவர், அப்படியே திருவள்ளூர் சித்தப்பா நம்பரைப் போட்டு, ஒரு காரணமும் இல்லாமல், அரை மணி நேரம் பேசினார்.