படலைக்கு வெளியே நின்ற பகிடி

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் சற்றுத் தூரத்தில் முரசுமோட்டை. இரணைமடுத் தண்ணீரில் விளையும் வயல் ஊர். அதைத் தாண்டினால் கண்டாவளைப் பக்கம், நாகதம்பிரான் கோயில் கொண்ட புளியம்பொக்கணை, பிறகு தருமபுரம், விசுவமடு. வீதி முடியும் முல்லைத்தீவுக்கு அண்மையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். இந்த வீதியோரத்து மக்கள் எல்லோரும் ஒரே காலத்தில் வந்தவர்கள் அல்லர். பழைய வன்னிக் குடிகளோடு, இரணைமடுக் குளம் எழுந்தபின் காணி தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்தார்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்தன. வைத்தியர் இராசசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் வவுனியாவை மையமாகக் கொண்டு நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களில் பலருக்கு வன்னியில் காலூன்ற உதவியது. அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் மன்னார்க் கரையில் இறங்கி, இதே வன்னிக் காட்டு வழியாகத்தான் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனார்கள். போய்ச் சேராமல் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்த பேரப்பிள்ளைகள் தங்கள் சாமிகளைப் பற்றிய நினைவுகளோடு வந்தார்கள்: மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி, தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலான ரோதமுனி, கவ்வாத்து வெட்டு முன் கும்பிடும் கவ்வாத்துச்சாமி, மாசி மாதத்துக் காமன் கூத்து.

வந்தவர்களுக்கு ஏற்கெனவே பெயர்கள் காத்திருந்தன. தோட்டக்காட்டான், வடக்கத்தையான், கள்ளத்தோணி. இந்தச் சொற்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது சாமியைப் பற்றிய பகிடி: கடா கேட்கும் சாமி, சாராயம் கேட்கும் சாமி, சுருட்டுப் பிடிக்கும் சாமி. சொன்னவர்கள் பெரும்பாலும் இதைத் தீங்கென்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தின் தெய்வத்தைச் சிரிப்புக்கு எடுக்கும்போது அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அவமதிப்பாகிறது என்ற கேள்விக்கு இந்த வீதியோரம் தெளிவான பதில் ஒன்றைத் தருகிறது என்பது என் எண்ணம். பகிடியின் சொல் எவ்வளவு கூர்மையானது என்பது இரண்டாவது கேள்வி. சிரிக்கப்படுகிறவனுக்கு அந்தச் சிரிப்பின் முடிவில் படலை திறக்கிறதா என்பதே முதற் கேள்வி.

படலை என்று உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. இலங்கையின் பழைய சடங்குகளில் அந்தப் படலை கண்முன்னே நின்றது. தென்னிலங்கையின் தொவில் சடங்குகளில் வடிக பட்டுன என்றொரு பகுதி உண்டு. இராணியின் நோய் தீர்க்க வடுக தேசத்திலிருந்து பிராமணர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சிங்களம் வராது. தமிழும் வேறேதோவும் கலந்து பிதற்றுகிறார்கள். மேளகாரன் அவர்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்குகிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆனால் நோயைத் தீர்க்கவென்று அழைக்கப்பட்டவர்களும் அவர்களே. கண்டிப் பக்கத்துச் சொகரி நாடகத்திலும் இந்தியாவிலிருந்து வரும் ஆண்டி குருவின் பேச்சும் நடையும் சிரிப்புக்கு இலக்கு. அறுவடை முடிந்த களத்தில், பத்தினித் தெய்வத்தின் அருள் வேண்டி ஆடப்படும் அந்த நாடகம் வந்தவரை ஊருக்குள் குடியேற்றிவிடுகிறது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியான பத்தினி வழிபாடு பற்றிய தமது பெருநூலில், அந்நியர் தெய்வ வாசலில் மறிக்கப்பட்டு, கேலிக்குள்ளாகி, கடைசியில் உள்ளே விடப்படும் சடங்குகளை, தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களைச் சமூகம் தன்னுள் ஏற்றுக்கொண்ட வரலாற்றின் சாயலாக வாசித்தார். அந்தப் பத்தினி வேறு யாருமல்ல, வற்றாப்பளையில் இருப்பவள்தான். பழையதெல்லாம் மாசற்றது என்று இதற்குப் பொருளில்லை. சொகரியின் வேலைக்காரனுக்கு ஒரு சாதிப்பெயரே பெயராக இருக்கிறது. அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எந்தப் படலையும் திறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகளின் துண்டுப்பிரசுரங்கள் சைவரின் விக்கிரகங்களையும் புராணக் கதைகளையும் எள்ளி நகையாடின. ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரத்தை அச்சிட்டு, விவிலியத்திலிருந்தே சான்று காட்டி, சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவை அங்கேயும் உண்டென்று பதில் சொன்னார். அவரிடம் அச்சுக்கூடம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, வாசகர் இருந்தார்கள். கேலி எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அது வாதமாக மாற முடிந்தது. அதே நாவலர் 1872இல் யாழ்ப்பாணச் சமயநிலையை எழுதியபோது எதிரே இருந்தவர்கள் வேறு. சிவதீட்சை பெற்றவர்கள் பரமசிவனை விட்டுவிட்டு மாடனையும் காட்டேறியையும் மதுரைவீரனையும் கறுப்பனையும் முனியையும் கும்பிடுகிறார்களே என்று கடிந்த அவர், அந்தத் துட்டதேவதைகளின் வரிசையில் கண்ணகியையும் சேர்த்தார். சமணச் செட்டிச்சி என்பது கண்ணகி மீது அவர் வைத்த குற்றச்சாட்டு. அந்த வரிசையை வன்னியிலிருந்து வாசிக்கிறவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வன்னி தாயென்று கும்பிடுகிற தெய்வமும் தோட்டத்து லயங்களின் தெய்வங்களும் ஒரே ஏளனத்தின் கீழ் நிற்கின்றன. பின்னாளில் தருமபுரத்தில் குடியேறிய மலையகத்தாரின் முனியைப் பார்த்து முரசுமோட்டையில் யாராவது சிரித்திருந்தால், அந்தச் சிரிப்பை வற்றாப்பளையும் ஏற்கெனவே வாங்கியிருக்கிறது.

நாவலர் சீர்திருத்தக்காரர், தன் சமயத்தாரைத் தானே கண்டித்தார், அதை இன ஏளனத்தோடு சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உயிர்ப்பலியைக் கண்டிப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு; நானும் அதை ஆதரிப்பவனில்லை. ஆனால் கண்டனம் முன்னிலையில் பேசும், பகிடி படர்க்கையில் பேசும். ‘நீங்கள் இதை விட வேண்டும்’ என்று நாவலர் சொன்னது தம்மோடு ஒரே கோயிலில் நின்றவர்களைப் பார்த்து. அந்தச் சொற்களே நூறு ஆண்டு கழித்து வேறு வாய்க்கு மாறி, ‘அவங்கட சாமி அப்படித்தான்’ ஆனபோது, திருத்தும் நோக்கம் கழன்று விழுந்தது. மிஞ்சியது, அவர்கள் எங்களில் சேர்ந்தவர்கள் அல்லர் என்ற செய்தி மட்டும். சிரித்தவரும் சிரிக்கப்பட்டவரும் தமிழர், இருவரும் சைவர், இதில் இனம் எங்கே வந்தது என்றும் கேட்கலாம். இனத்தைப் பிரித்தது பகிடி சொன்னவர் அல்ல, அரசு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழர் என்று தனிப் பத்தி போட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தப் பத்தியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. இப்படிப் பங்கிடப்பட்ட ஒருவனைக் கள்ளத்தோணி என்று அழைத்துவிட்டு அவன் சாமியைப் பார்த்துச் சிரிக்கும்போது, ஊர்ப் பகிடி அரசாங்கப் பதிவேட்டுக்கு ஒத்து ஊதுகிறது. முன்பு மேளகாரன் மறித்தது உள்ளே விடுவதற்காக. இங்கே மறிப்போடு கூத்து முடிந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்பவர்களுக்கு அண்மைய வரலாறு பதில் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. வலுவற்றவர்களைக் காப்பது அதன் நியாயம். ஆனால் 2019 ஏப்ரலில் அதன் கீழ் கைதானவர் சக்திக சத்குமார. பிக்குகளின் வாழ்வைத் தொட்ட ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் சிறையிலிருந்தார். 2023 மேயில் கைதானவர் நதாஷா எதிரிசூரிய. மேடையில் புத்தரின் பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொன்ன பகிடிக்காக. ஐந்து வாரத்துக்கு மேல் மறியலில் இருந்து யூலை 5இல் பிணையில் வந்தார். இருவரும் சிங்களவர். தங்களைச் சுற்றியிருந்த பெரும்பான்மைச் சமயத்தைப் பற்றிப் பேசியவர்கள். புண்பட்டோம் என்ற கோபத்தை அளவுகோலாக வைத்தால், கூட்டம் பெரிதான பக்கத்துக் கோபமே எடை கூடும். முறைப்பாடு கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போகவே அஞ்சுகிறவனின் மனப்புண் தராசில் ஏறாது. முன்பெல்லாம் சிரித்தோம், இப்போது எல்லோருக்கும் உடனே நோகிறது என்று குறைப்படுகிறவர்களும் இதே அளவுகோலைத்தான் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முன்பு நோகவில்லை என்பதற்குச் சான்று என்ன? அடுத்தவன் வயலில் கூலிக்கு நிற்கிறவன், காணி உறுதி கையில் இல்லாதவன், வயல்காரரின் பகிடிக்குச் சேர்ந்து சிரிப்பது சம்மதத்துக்குச் சான்றாகாது.

நாவலருக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. ஏளனத்துக்கு அஞ்சிய தெய்வங்கள் ஆகமத்துக்குள் குடிபுகுந்தன. வன்னியில் அது நடக்கவில்லை. வைகாசியில் பாக்குத்தெண்டல் முடிந்து, சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல் நடக்கிறது. முரசுமோட்டையாரும் தருமபுரத்தாரும் ஒரே வீதியால் அதற்குப் போகிறார்கள். 2009 சனவரியில் போர் துரத்த இரு ஊரும் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு கிழக்கே ஓடியதும் அதே வீதியால்தான். வற்றாப்பளையில் அவள் பெயர் இன்றும் கண்ணகை.