விளையாட்டுக்கு ஒரு கலைக்களஞ்சியம்

வீடியோ கேம் என்றாலே "நேர விரயம்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த நேர விரயத்திலிருந்து பல்லாயிரம் பக்கங்கள் கொண்ட கலைக்களஞ்சியங்கள் உருவாகியிருக்கின்றன என்றால் நம்புவீர்களா? சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது, சொந்தப் பெயர்கூட வெளியே தெரியாது. அப்படியும் உலகின் பல மூலைகளில் இருந்த மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ராத்திரி உட்கார்ந்து படம் எடுத்து ஏற்றினார்கள், மொழிபெயர்த்தார்கள். அவர்கள் கட்டிய வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

விக்கி வந்த கதை

1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு இணையதளத்தை வெளியிட்டார். அதற்கு என்ன பெயர் வைப்பது? ஹவாயில் ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் "விக்கி விக்கி" பேருந்து அவருக்கு ஞாபகம் வந்தது. ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் வேகம். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா பிறந்ததும் அந்தச் சொல் உலகப் பிரசித்தம் ஆனது.

விக்கிப்பீடியாவில் ஒரு சிக்கல். எல்லா விஷயத்துக்கும் அங்கே இடம் கிடையாது. போக்கிமான் விளையாட்டில் வரும் ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு காலத்தில் அங்கே தனிக் கட்டுரை இருந்தது. "இதெல்லாம் கலைக்களஞ்சியத்தில் வரலாமா?" என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் 2007 வாக்கில் பெரும்பாலானவற்றைப் பட்டியல்களாகச் சுருக்கிவிட்டார்கள்.

ரசிகர்கள் அதற்கு முன்பே தனிவீடு பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். போக்கிமானுக்கென்று பல்பபீடியா 2004 இறுதியில் வந்தது. அதே 2004-இல் விக்கிப்பீடியாவின் ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் சேர்ந்து, எந்தத் துறைக்கும் விக்கி வைத்துக்கொள்ள இடம் தரும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விக்கியா என்று அழைக்கப்பட்ட அது 2016-இல் ஃபேண்டம் என்று பெயர் மாறியது.

ஒரு ஜந்து, நாலு பெயர்

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே என்ன வேலை? போக்கிமானையே பார்ப்போம். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டில், முதுகில் பெரிய விதையோடு ஒரு பச்சை ஜந்து வருகிறது. அதன் ஜப்பானியப் பெயர் ஃபுஷிகிதானே. "ஃபுஷிகி" என்றால் விந்தை, "தானே" விதையைக் குறிக்கிறது. சேர்த்துச் சொன்னால் "விசித்திரமாக இருக்கிறதே!" என்றும் காதில் விழும். நல்ல சிலேடை!

ஆங்கிலத்தில் இதே ஜந்து பல்பசார் ஆனது. பிரெஞ்சில் பல்பிசார், ஜெர்மனில் பிசாசாம். நாலு நாட்டுக் குழந்தைகள் சந்தித்தால் ஒரே ஜந்துவைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதே தெரியாது. ரசிகர் விக்கிகள்தான் இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று விளக்கின. பல்பபீடியாவும் பிற மொழிகளில் இருந்த போக்கிமான் விக்கிகளும் ஒரு கூட்டமைப்பாகவே இயங்கின.

சில விளையாட்டுகளுக்கு அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பே கிடையாது. அதற்குப் பெரிய உதாரணம் மதர் 3. நின்டெண்டோ அதை 2006 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு வரவில்லை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான க்ளைட் மாண்டலின் தலைமையில் ஒரு ரசிகர் குழு வேலையில் இறங்கியது. அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு அறிவிக்கப்பட்டால் நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார்கள். அறிவிப்பு வரவே இல்லை. சுமார் 2 வருட உழைப்புக்குப் பின் 2008 அக்டோபர் 17 அன்று ஆங்கிலப் பேட்ச் வெளியானது. ஒரே வாரத்தில் ஒரு லட்சம் முறைக்கு மேல் தரவிறக்கினார்கள்.

அதில் ஒரு வில்லன். ஜப்பானிய மூலத்தில் அவன் பெயர் யோகுபா, பேராசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குழு அவனை ஃபசாட் ஆக்கியது. வெளிப்பூச்சைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும், சீர்கேட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லையும் ஒருசேர ஞாபகப்படுத்தும் பெயர் அது. ஆங்கில ரசிகர் விக்கியிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2013-இல் மாண்டலின் தன் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நின்டெண்டோவுக்குச் சொன்னார். பலன் இல்லை. 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் ஸ்விட்ச் சந்தாவில் அந்த விளையாட்டைச் சேர்த்தபோதும் அது ஜப்பானுக்கு மட்டும்தான்.

படம் எடுப்பது சின்ன வேலையா?

"பிரிண்ட் ஸ்கிரீன்" பொத்தானை அழுத்தினால் படம் ரெடி, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. எதிராளி நகர்ந்துகொண்டே இருப்பான். நடுவில் அரட்டைப் பெட்டி மறைக்கும். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் ஓரமெல்லாம் மங்கும், பிஎன்ஜி வேண்டும். சில விக்கிகளில் பின்னணியையும் நீக்கி, பொருள் மட்டும் தெரியும்படி வெட்டித் தர வேண்டும். கஷ்டப்பட்டு ஏற்றியதை அடுத்த வாரமே இன்னொருவர் "இதைவிடத் தெளிவாக இருக்கிறது" என்று மாற்றிவிடுவார்!

இணைய விளையாட்டுகளில்தான் இந்தப் படங்களின் மதிப்பு புரியும். புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தாலும் முதல் பதிப்பு அலமாரியில் இருக்கும். இணைய விளையாட்டிலோ, புதுப்பித்த மறுநாள் பழைய உலகம் மறைந்துவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனம் நடத்தும் ரூன்ஸ்கேப் 2001-இல் தொடங்கியது. நிறுவனம் மாற்றிக்கொண்டே போனது. "பழைய ரூன்ஸ்கேப்தான் வேண்டும்" என்று ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள். 2013-இல் வாக்கெடுப்பு வைத்ததில் 4 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. ஜாகெக்ஸிடம் கிடைத்தது 2007 ஆகஸ்ட் மாதத்து நகல் ஒன்று. அதை வைத்துத்தான் "ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்" என்ற பெயரில் பழைய விளையாட்டைத் திறந்தார்கள்.

2005-இல் தொடங்கிய ரசிகர் விக்கியிலோ ஒரே ஒரு தேதி மட்டும் இல்லை. விக்கியில் ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவங்களும் சேமிப்பில் இருக்கும். எந்த மாதம் எது எப்படி இருந்தது என்று திருப்பிப் பார்க்கலாம். உருவாக்கிய நிறுவனத்திடம் ஒரு நகல், விளையாடியவர்களிடம் வருடக்கணக்கான பதிவு!

யாருக்குச் சொந்தம்?

இந்த உழைப்பில் பங்களித்தவருக்கு என்ன உரிமை? விளையாட்டின் படத்துக்குக் காப்புரிமை விளையாட்டு நிறுவனத்திடம். வசனத்துக்கும் அப்படியே. தளமும் முகவரியும் இடம் கொடுத்த நிறுவனத்திடம். விளம்பர வருமானமும் அங்கேதான். எழுதியவரிடம் மிஞ்சியது உரிமம் மட்டும். விக்கியாவின் தளங்களில் அது பெரும்பாலும் திறந்த உரிமம், 2009 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ். மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால் எவரும் நகலெடுக்கலாம்.

அந்த ஒரு வரிதான் பிற்பாடு கைகொடுத்தது. பக்கமெங்கும் விளம்பரம் பெருகியதில் பங்களிப்பாளர்கள் சலித்துப்போனார்கள். 2018 அக்டோபரில் ரூன்ஸ்கேப் விக்கியினர் மொத்தப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டு, ஜாகெக்ஸின் ஆதரவோடு ஃபேண்டமை விட்டு வெளியேறினார்கள். இதற்காக வியர்ட் க்ளூப் என்ற சொந்த அமைப்பையும் தொடங்கினார்கள். 2022-இல் செல்டா விக்கியும் ஃபேண்டமை விட்டுப் போனது. 2023 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கி, பல மொழிப் பதிப்புகளோடு, வியர்ட் க்ளூபின் உதவியால் இடம் மாறியது.

ஆனால் பழைய முகவரியைக் கையோடு கொண்டுபோக முடியாது. பழைய நகல் ஃபேண்டமிலேயே தங்கிவிடும். தேடுபொறிக்குப் பழகியதும் அந்த முகவரிதான். தாங்கள் எழுதிய பக்கங்களோடு தாங்களே போட்டி போட வேண்டிய நிலை.

ஆக, இந்தக் கதையில் ஜெயித்தது யார்? விளையாட்டு நிறுவனத்துக்கு இலவச வழிகாட்டி கிடைத்தது. இடம் கொடுத்தவருக்கு வருமானம் கிடைத்தது. படம் எடுத்தவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் கிடைத்தது, கட்டியதை இன்னொரு இடத்தில் மறுபடி நிறுத்தும் உரிமை. அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த உரிமை மட்டும் இல்லாமல் போயிருந்தால் 2018-இல் ரூன்ஸ்கேப் ரசிகர்கள் 13 வருட உழைப்பை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்திருப்பார்கள். எங்கேயாவது இலவசமாக எழுதிக் கொடுப்பவர்கள், படம் ஏற்றுபவர்கள், முதலில் அந்தத் தளத்தின் உரிமப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.