துவர்ப்பின் இரு வழிகள்: போயாக்கும் எர்மிதாஜும்

1961-ஆம் ஆண்டு பிரான்சில் விளைந்த இரண்டு சிவப்பு ஒயின்களைப் பற்றி, அறுபது ஆண்டுகள் கடந்தும் ரசிகர்கள் பேசி ஓயவில்லை. ஒன்று, போர்தோவுக்கு வடக்கே மெதோக் பகுதியில் போயாக் ஊரைச் சேர்ந்த ஷாத்தோ லத்தூர். மற்றது, ரோன் நதிக்கரையின் எர்மிதாஜ் குன்றில் விளைந்த, ஜாபூலே நிறுவனத்தின் லா ஷபேல். இளமையில் வாயை இறுக்கிப் பிடிக்கிற முரட்டுத்தனமும், நிலவறையில் நெடுங்காலம் கிடந்து பதமாகும் குணமும் இரண்டுக்கும் பொது. அதனாலேயே இவ்விரு ஊர் ஒயின்களையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. போயாக் எலும்பால் நிற்கும் ஒயின், எர்மிதாஜ் சதையால் நிற்கும் ஒயின். எலும்பைத் தேடுகிற கையோடு எர்மிதாஜை அணுகினால் தீர்ப்பு பிசகும்.

மண்ணிலிருந்தே இந்த வேறுபாடு தொடங்குகிறது. போயாக் இருக்கும் ஜிரோந்த் முகத்துவாரத்தின் இடது கரையில், ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய சரளைக்கல் மேடு மேடாகக் கிடக்கிறது. மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். பகலில் சுட்ட கல் இரவிலும் சூட்டை விடாது. தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் திராட்சைக்கு இந்தச் சூடு வேண்டும். பழம் சிறியது, தோல் தடித்தது, சதையின் அளவுக்குக் கொட்டை அதிகம். துவர்ப்பைத் தரும் டானின் தோலிலும் கொட்டையிலும்தான் இருக்கிறது. மெர்லோ திராட்சையைச் சேர்த்து அந்தக் கடுமையைச் சற்றே தணிப்பார்கள். சுமார் 1,200 ஹெக்டேர் தோட்டங்கள் உள்ள இந்த ஊரில்தான் போர்தோவின் முதல்தரப் பண்ணைகள் ஐந்தில் மூன்று இருக்கின்றன: லத்தூர், லஃபித், 1973-இல் அந்த வரிசைக்கு உயர்த்தப்பட்ட மூத்தோன்.

எர்மிதாஜோ குன்று முழுவதையும் கூட்டினாலும் 140 ஹெக்டேர் தேறாது. தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவு. மேற்குப் பக்கம் கருங்கல். கிழக்கே போகப்போகக் கூழாங்கல்லும் களிமண்ணும் கலக்கின்றன. மழையில் சரிந்த மண்ணைத் திரும்ப மேலே கொண்டுபோய்ப் போடும் வேலையும் உண்டு. சிவப்பு ஒயினுக்கு இங்கே சிரா ஒன்றுதான் கறுப்புத் திராட்சை. வெள்ளைத் திராட்சைகளான மர்சான், ரூசான் இரண்டையும் 15 சதவீதம் வரை சேர்க்க விதி இடம் தருகிறது. 1481 முதல் இந்தத் தொழிலில் இருக்கும் ஷாவ் குடும்பத்தார், குன்றின் ஒவ்வொரு துண்டின் ஒயினையும் தனியே வளர்த்துப் பிறகு கலக்கிறார்கள். பெஸ்ஸார் துண்டின் கருங்கல் மண் இறுக்கத்தைத் தரும். மெயால் துண்டு செழுமையைத் தரும். கலவையின் நோக்கமே நிரம்பிய வாய்.

சுவைத்துப் பார்க்கும்போது கண்ணுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். கோப்பையை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து விளிம்பைப் பார்த்தால் போதும். ஊதா என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் முதிர்ச்சி, நடுப்பகுதி வரை பழுப்பு ஏறியிருந்தால் காலம் கடந்தது. அதற்குமேல் நிறத்தை நம்புவது ஆபத்து. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதை வர்ணித்திருந்தார்கள்.

மூக்கில் இரண்டும் பளிச்சென்று பிரிந்துவிடுகின்றன. இளம் போயாக்கில் ப்ளாக் கரண்ட் பழமும், புது ஓக் பீப்பாயின் வறுத்த வாசனையும் முன்னே நிற்கும். பழம் சரியாகப் பழுக்காத ஆண்டாக இருந்தால் பச்சைக் குடைமிளகாய் வாடை எட்டிப் பார்க்கும். பைரசின் என்ற வேதிப்பொருளின் வேலை அது. இருபது ஆண்டு கழித்துத் திறந்தால் பழம் பின்வாங்கி, பென்சில் சீவும்போது வருகிற மரமும் கரியும் கலந்த மணம், சுருட்டுப் பெட்டி, காய்ந்த இலை என்று வரிசைகட்டும். எர்மிதாஜில் கறுப்பு ஆலிவ், வயலெட் பூ, புகை, அப்போதுதான் இடித்த மிளகு. வயது ஏறினால் பதப்படுத்திய தோலும் வேட்டை இறைச்சியும்.

மிளகு என்று சொல்வது வெறும் வர்ணனை அல்ல. மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே மூலக்கூறு சிரா திராட்சையிலும் இருப்பதைக் கண்டறிந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அடர்த்தியாகக் கொடுத்தபோதும் அந்த மணம் தெரியவில்லை. ஆக, நடுவர் மேசையில் எர்மிதாஜின் பாதி அழகு எட்டாத ஒருவர் இருக்கலாம். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். வேறொரு தொல்லையும் உண்டு. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் புகுந்த ஒயினில் குதிரை லாய வாடை வரும். முதுமையின் தோல் வாசனை என்று சொல்லி அந்தக் குறையை மன்னித்துவிடுகிறார்கள், எர்மிதாஜில் குறிப்பாக. தோல் வாசனைக்கு அடியில் பழம் உயிரோடு இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண்ணைத் தயங்காமல் குறைக்கலாம்.

உண்மையான தீர்ப்பு வாயில்தான். டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய் நாக்கும் கன்னமும் உரசுகின்றன. நிலவறையில் ஆண்டுகள் போகப்போக டானின்கள் தமக்குள்ளும் நிறமிகளோடும் பிணைந்து, ஒரு பகுதி வண்டலாகப் படியும். போயாக்கில் நான் முதலில் பார்ப்பது துவர்ப்பின் அளவை அல்ல, அதன் தரத்தை. ஒரு வாய் விழுங்கியபின் எச்சில் சீக்கிரம் ஊறி, ஊறும்போது பழமும் கூடவே திரும்பினால் அந்தத் துவர்ப்பு பழுத்த துவர்ப்பு. வாய் வறண்டே கிடந்து பழம் மட்டும் மறைந்துவிட்டால், இன்னும் பத்து ஆண்டு வைத்தாலும் அது தேறாது. எர்மிதாஜில் இந்தச் சோதனை பாதிக் கதைதான் சொல்லும். அங்கே துவர்ப்பு கொஞ்சம் பின்தங்கியே வரும். நடுவாயில் நிரம்பும் கனமும், அந்தக் கனத்தைத் தொய்யவிடாமல் தாங்கும் புளிப்பும் எப்படி என்றுதான் கேட்க வேண்டும். கனம் மட்டும் இருந்து புளிப்பு சோர்ந்திருந்தால் முதல் வாய் மிரட்டும், மூன்றாவது வாய் சலிக்கும். விழுங்கியபின் மணம் எத்தனை விநாடி நிற்கிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் எண்ணுவார்கள். விநாடிக்கு ஒரு கோதலி என்பது அவர்கள் கணக்கு. இரண்டுக்கும் பொதுவாக நான் ஏற்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

முதிரும் விதமும் ஒன்றல்ல. நல்ல போயாக் பெரும்பாலும் நேர்கோட்டில் இளகுகிறது. இளமையிலேயே அதன் கட்டமைப்பைப் பார்த்து எதிர்காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். எர்மிதாஜ் முதல் சில ஆண்டுகள் கவர்ச்சியாகப் பேசிவிட்டு, பிறகு பல ஆண்டுகள் வாய்மூடிக்கொள்வதுண்டு. அந்த நேரத்தில் திறந்து குறைந்த மதிப்பெண் போட்டால் பிழை ஒயினுடையதல்ல. போயாக்கும் அவசரப்பட்டால் கெடும் என்பதற்கு லத்தூரே சாட்சி. அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, பீப்பாயில் இருக்கும் ஒயினுக்கு விலை பேசி விற்கும் போர்தோ வழக்கத்திலிருந்து விலகுவதாக 2012-இல் அது அறிவித்தது. பக்குவம் வந்தபின்தான் சந்தைக்கு விடுவது என்பது அதன் முடிவு. மிகச் சரியான முடிவு.

போத்தலின் வடிவமும் வேறு. போர்தோ போத்தலுக்குத் தோள் உண்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்து வடிக்கும்போது வண்டல் அந்தத் தோளில் தங்கும். ரோன் போத்தலின் கழுத்து சரிந்து இறங்குவதால் வண்டல் தடையில்லாமல் வழுக்கி வரும். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, கழுத்தில் கறுப்பு இழை தெரிந்ததுமே கையை நிறுத்த வேண்டும். சூடு 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் அறைச்சூட்டில் ஊற்றினால் ஆல்கஹாலின் காரம்தான் மூக்கில் ஏறும்.

இந்த இரண்டும் ஒரு காலத்தில் ஒரே போத்தலில் இருந்தன. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் போர்தோ வணிகர்கள், ஆங்கிலேயச் சந்தைக்குப் போகும் ஒயினில் எர்மிதாஜைக் கலந்து கனம் கூட்டினார்கள். ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. கலந்ததற்கே கூடுதல் மதிப்பு இருந்தது. மார்கோ பகுதியின் ஷாத்தோ பால்மே, அந்தப் பழைய முறையைப் பின்பற்றி வடக்கு ரோனின் சிராவைத் தன் ஒயினோடு கலந்து, 2004 விளைச்சலிலிருந்து தனியாக வெளியிட்டது. எலும்புக்குச் சதை தேவைப்பட்டது என்பதை அன்றைய வணிகர்கள் நாவால் அறிந்திருந்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைப்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். எர்மிதாஜை முதலில் ஊற்றினால், பின்னால் வரும் போயாக் ஒல்லியாகவும் கடுகடுப்பாகவும் தெரியும். அந்த வரிசையில் போட்ட மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை. போயாக்கை முதலில் ஊற்றி, ரொட்டி தின்று, தண்ணீர் குடித்து எர்மிதாஜுக்குப் போக வேண்டும். பிறகு வரிசையை மாற்றி மறுபடி ஒரு சுற்று. அப்போதும் ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பன்னிரண்டு வயதில் போயாக்குக்கும் முப்பது வயதில் எர்மிதாஜுக்கும் என் கை போகும்.