குறைமாதக் குழந்தை முகம் பார்க்கலையா? தேதியைச் சரியா எண்ணுங்க!

"மூணு மாசமாச்சு, இன்னும் முகம் பார்த்து சிரிக்கலையே..." குறைமாதக் குழந்தை இருக்கிற வீட்ல இது வழக்கமான கவலை. ரெண்டு மாசம் முன்கூட்டிப் பிறந்திருந்தா, டாக்டர் முதல்ல குறிச்ச பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்க. இப்போ ஒரு மாசம்தான்! அந்தக் கணக்குல 6 - 8 வாரத்துல கண்ணோடு கண் பார்த்து சிரிக்கும்.

ஆனா, விழித்திரைப் பரிசோதனைக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுசா வளர்றதே பிரசவத் தேதியை ஒட்டித்தான். முன்னாடியே பிறந்தா அவை தாறுமாறா வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். இதுதான் 'ஆர்.ஓ.பி.' வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தா 30 நாளுக்குள்ள பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்னாடின்னா 2 - 3 வாரத்துலயே. டிஸ்சார்ஜ் சம்மரியில அந்தத் தேதி இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.