நீல மை பூசிய காடு

நிலம் முன்னே, நிலப்படம் பின்னே என்பதே பலரும் கொண்டிருக்கும் எண்ணம். கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறோ இதைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காலம் 999 ஆண்டுகள். நிலம் ஏறத்தாழ 8000 ஏக்கர். ஆண்டு வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய். எல்லையாகக் குறிக்கப்பெற்றது ஊருமன்று, ஓடையுமன்று. அணை எழவிருந்த இடத்தில் ஆற்றுப்படுகையின் ஆழ்புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் செல்லும் ஒரு கோடே எல்லை. மலைச்சரிவில் நிற்பவன் கண்ணுக்கு அக்கோடு புலப்படாது. அளவைக் கருவிக்கே புலப்படும். ஒப்பந்தத்தோடு இணைத்த படத்தில் அக்கோட்டுக்கு உட்பட்ட பகுதிக்கு நீல வண்ணம் பூசப்பெற்றது. அன்று அங்கிருந்ததோ பச்சைக் காடு. பென்னிகுயிக்கின் அணை 1895இல்தான் நிறைவெய்தியது. தாளில் தோன்றிய ஏரி தரையில் தோன்ற ஒன்பது ஆண்டுகள் ஆயின.

காட்டில் வாழ்ந்த பளியரும் மன்னான் மக்களும் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பாக இல்லை. எனினும் அந்த நீலத்தை ஆதிக்கத்தின் சின்னம் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. மலையைக் குடைந்து வந்த நீரே கூடலூர் முதலாகப் பள்ளத்தாக்கின் வயல்களை இருபோகமாக்கிற்று. பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயரிடும் வழக்கம் இங்குண்டு. பொறியாளருக்கு இத்தகைய பேறு வாய்ப்பது அரிது!

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அணையும் ஏரியும் ஒரு மாநிலத்தில். அவற்றை இயக்கும் உரிமை மற்றொன்றில். 1970இல் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது, கோடு நகரவில்லை. போடி மெட்டு வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் பெண்கள் அன்றாடம் மாநில எல்லையைக் கடக்கின்றனர்.

தற்காலக் கலைஞர் நிலப்படத்தைக் கையிலெடுத்ததன் பொருள் இப்பின்னணியில் விளங்கும். ஜரீனா ஹாஷ்மி 2001இல் ‘பிரிக்கும் கோடு’ என்னும் பொருள்படும் மரச்செதுக்கு அச்சில் இந்தியா, பாகிஸ்தான் எல்லையை மட்டும் தனித்து நிறுத்தினார். நாடுகளின் பெயரில்லை, வடு மட்டும் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் வேறு வழி சென்றார். ‘நிறைவுறாத தோம்பு’ எனப் பொருள்படும் 2011ஆம் ஆண்டு நூலில், போரால் வீடிழந்தோர் தம் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் தொகுத்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் ஆட்சியில் நிலவுடைமையைப் பதிந்த ஏடு. ஆட்சியாளர் ஏட்டின் பெயரை நிலமிழந்தவர் கைக்கு மாற்றியதில்தான் அந்நூலின் வலிமை உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அத்தகைய ஒரு தோம்பு எழுதப்பெற வேண்டும்.

கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் சிதைந்து நிற்கிறது. அது எந்த மாநிலத்தது என்பதற்கு இரு தரப்பும் நில அளவைப் படங்களையே சான்று காட்டி வந்துள்ளன. மதுரையை எரித்தவள் மேற்கே நடந்து வேங்கை மரத்தடியில் நின்றாள் என்கிறது சிலப்பதிகாரம். அவளைக் காண இன்று ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, வழி திறக்கிறது. குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகின்றனர். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.