வெள்ளையாக்கப் போய்த் தேய்ந்துபோன பளிங்கு

நம்ம ராதா கிருஷ்ணர் பளிங்குச் சிலை மஞ்சள் பூத்துப் போச்சு, ஆசிட் போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்னு குழுவுல சிலர் எழுதியிருந்தீங்க. நல்ல எண்ணம்தான். ஆனா இதே எண்ணத்தால கிரேக்க நாட்டுச் சிலைகளுக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் படிங்க.

ஏதென்ஸ் நகரில் குன்றின்மேல் இருக்கும் பார்த்தெனான், அதீனா தேவியின் கோயில். கி.மு. 432-இல் சிற்ப வேலை முடிந்தது. அந்த ஊர்ப் பளிங்கில் கொஞ்சம் இரும்பு இருப்பதால் நாளாக ஆகத் தேன் நிறம் ஏறும். மிஞ்சின சிற்பங்களில் ஏறக்குறைய பாதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. அங்கே புதுக் கூடம் கட்டப் பணம் கொடுத்த டுவீன் பிரபுவுக்குச் சிலை வெள்ளையா இருக்கணும். 1937, 1938-இல் வேலையாட்கள் செம்புக் கருவியாலும் கார்பொரண்டத்தாலும் சுரண்டினாங்க. அழுக்கோட கல்லின் மேல்தோலும் போச்சு. மியூசியமே விசாரணை வச்சது. போன தோல் போனதுதான்.

ஏதென்ஸில் மிஞ்சினதுக்கு வேற கஷ்டம். பழைய சிற்பிகள் கற்களை இணைக்க இரும்புப் பட்டை வச்சு, துருப்பிடிக்காம இருக்க ஈயம் உருக்கி ஊத்தினாங்க. என்ன அறிவு பாருங்க! 1898-க்குப் பிறகு பழுது பார்த்த பாலனோஸ் என்ற பொறியாளர் ஈயம் இல்லாம இரும்பு வச்சார். துருப்பிடிச்ச இரும்பு உப்பி, கல்லை உள்ளிருந்தே பிளந்துச்சு. 1687-இல் வெடிமருந்து வெடிச்சுச் சிதறின கோயில் அது.

அப்புறம் புகை. வண்டி, ஆலைப் புகையில் இருக்கும் கந்தகம் ஈரத்தோட சேர்ந்தா அமிலம். அது பளிங்கின் மேல்பரப்பை ஜிப்சமா மாத்திடும். மழை படும் இடத்துல ஜிப்சம் கரைஞ்சு ஓடும். படாத இடத்துல கரியோட சேர்ந்து கறுப்பா ஒட்டிக்கும். பக்கத்து எரெக்தியான் கோயில் மண்டபத்தைத் தலையில் தாங்கி நின்ற ஐந்து பெண் சிலைகளை 1979-இல் உள்ளே கொண்டுபோனாங்க. முகமெல்லாம் அதுக்குள்ள தேஞ்சு போச்சு. இப்ப வெளியே நிக்கிறது நகல்.

பளிங்கு சுண்ணாம்பு வகை. ஆசிட் என்ன, எலுமிச்சைச் சாறும் தயிருமே பளபளப்பை எடுத்துடும். கருங்கல் மூலவர் தாங்குற அபிஷேகத்தை எல்லாம் இது தாங்காது. ஞாயிறு வேலைக்கு வர்றவங்க மெத்தென்ற பருத்தித் துணி மட்டும் கொண்டு வாங்க. வெறும் தண்ணி போதும், கம்பி பிரஷ் வேண்டாம்.